செவலைகிட்ட சொல்லு

ஆறு வருஷம் நானும் என் மனைவியும் ஒரு பசுமாட்டின் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை.

காலையில் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு அவள் கொல்லைப்பக்கம் போவாள். அங்கே கட்டியிருக்கும் செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக, "சோறு கட்டி வச்சாச்சுன்னு சொல்லு செவல. மத்தியானம் மாத்திரைய மறக்க வேணாம்னும் சொல்லு" என்பாள். நான் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "சரின்னு சொல்லு செவல. இன்னிக்கு வர லேட்டாகும்" என்பேன். செவலை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வைக்கோலை இழுக்கும். எங்கள் குடும்பத்துப் பேச்சுவார்த்தை அன்றைக்கு அதோடு முடிந்துவிடும்.

எங்கள் வீடு பெரம்பலூரில், எளம்பலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் எனக்கு முப்பது வருஷமாகக் கண்டக்டர் வேலை. நாள் முழுக்க வாய் ஓயாத தொழில். படியில் நிற்கிறவனிடம் கத்துவேன், கூடையை வழியில் வைக்கிற அம்மாவிடம் சண்டை போடுவேன், அவர் இறங்கும்போது அந்தக் கூடையை நானே எடுத்துக் கொடுப்பேன். ஊரே என்னை வாயாடி என்று சொல்லும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச்சையும் சேர்த்துக் கழற்றிவிடுவேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. ஆறு வருஷமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிவந்தேன். அரும்பாவூரில் இருந்த என் மாமியார் ஒரு நாள் காலையில் இறந்துபோனார். மச்சான் எனக்குப் போன் செய்து, "அக்காவுக்கு நீங்களே பக்குவமா சொல்லிக் கூட்டிட்டு வாங்க மாமா" என்றான். நான் பஸ்ஸில் இருந்தேன். மாற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. டூட்டி முடிந்து வந்து சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு அரும்பாவூர் போய்ச் சேர்ந்தபோது, மழை வரப்போகிறது என்று அவசரமாகத் தூக்கிவிட்டிருந்தார்கள். என் மனைவி கைப்பிடி அரிசியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். பெற்றவளுக்கு வாய்க்கரிசி போட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. காலியான பந்தலில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். காரியம் முடிந்து வரும்போது அம்மா வளர்த்த செவலைக் கன்றைக் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

மாற்று ஆள் இல்லை, நான் என்ன செய்வேன் என்று கேட்டால், எல்லாரும் என் பக்கம்தான் பேசுவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இந்த வருஷம் தை மாதம் ஒரு காலையில், சாணி அள்ளிக்கொண்டே அவள் செவலையிடம் சொன்னாள்: "பங்குனியில உன்னக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒப்படைச்சிடப் போறேன். அதோட நானும் அரும்பாவூர் போயிடுறேன். அம்மா வூடு பூட்டித்தான் கெடக்கு. இதையும் அவர்கிட்ட சொல்லிடு."

கையில் டிபன் பாக்ஸோடு நின்றேன். கல்லங்குறிச்சிக்கு மாடு கன்று கொடுப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. ஆனால் உயிரையே வைத்திருக்கிற மாட்டை ஏன் கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு ஏன் போகிறாள், ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. மாடு போனால் பேச்சு போகும், பேச்சு போனால் அவளும் போவாள் என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு வண்டியில் இரண்டு பேருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கிழித்தேன்.

திருச்சியில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போன் போட்டேன். அவள் அம்மாவிடம் என்ன பேசினாளோ, மறுவாரம் பெரம்பலூரில் ஒரு கவுன்சிலிங் மேடத்திடம் நேரம் வாங்கிவிட்டாள். "நாங்க என்ன பைத்தியமா?" என்று கத்தினேன். "ஆறு வருஷமா மாட்டுக்கிட்ட பேசுறவங்கள வேற எப்படிப்பா சொல்றது?" என்றாள். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு உரக்கடையின் மாடியில் அந்த அறை இருந்தது. ஏறும்போதே யூரியா வாசனை அடித்தது. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கோரைப்பாய், ஒரு மண்பானை, அவ்வளவுதான். மேடத்துக்கு நாற்பது வயது இருக்கலாம். என்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். "கண்டக்டர்னே கூப்பிடுங்க, அதுதான் பழக்கம்" என்றேன். என் மனைவியை அக்கா என்றார்.

முதல் நாள் எல்லாம் சொதப்பியது. இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருங்கள் என்றார். நான் மண்பானையைப் பார்த்தேன். என் மனைவி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். "பாத்தீங்களா? இதுக்குத்தான் வேணாம்னேன்" என்று மேடத்திடம் எகிறினேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. படி இறங்கி ஓடி, உரக்கடை வாசலில் நின்றிருந்த என் மனைவியிடம் போய், "அக்கா, தப்பு என்னோடது. உங்க ரெண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒண்ண முதல் நாளே செய்யச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். மூட்டை தூக்குகிறவர்கள், கடைக்காரர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பின்னாலேயே இறங்கி வந்த என்னிடமும் அதையே சொன்னார். நான் அசந்துபோனேன். படித்த ஒருவர், தன் இடத்தில், ஒரு காரணமும் கூட்டிச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. 'ஆனா' என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அன்று ராத்திரிவரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு தடவை எங்களைத் தனித்தனியே பார்த்தார். அவளிடம் என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவே இல்லை. நான் எவ்வளவு துருவியும், "அது அக்காவோடது, நீங்க சொல்றது உங்களோடது" என்று முடித்துவிட்டார். என்னிடம் தூக்கம், சாப்பாடு, நெஞ்சு படபடப்பு எல்லாம் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். முதலில் டாக்டரிடம் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வாங்க, அதில்லாமல் வெறும் பேச்சு போதாது என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தபோது, "இந்தச் சாமியார் வேலை எல்லாம் எனக்கு ஆகாது" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, கண்டக்டர் சார். பின்படியில ஏறுறவங்கள மனசுல எண்ணிக்கிட்டே மூச்ச உள்ள இழுங்க. முன்படியில இறங்குறவங்கள எண்ணிக்கிட்டே விடுங்க. எல்லாரும் இறங்குற வரைக்கும் விசில் ஊதக் கூடாது." சிரித்துவிட்டேன். ஆனால் அது எனக்குப் பிடிபட்டது. இன்றைக்கும் கோபம் வந்தால் என் நெஞ்சில் ஒரு வண்டி நின்று ஆளை இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது.

எந்த முறை உங்களுடையது, மருந்தா, பேச்சா, யோகாவா என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாம்தான் கொஞ்சம் கொஞ்சம் படிச்சேன். முன்னால உக்காந்திருக்கிற ஆளப் பாத்துத்தான் எதுன்னு தெரியும். சில நேரம் அன்னிக்கு மாதிரி தப்பாவும் போயிடும்" என்றார்.

பிறகுதான், எங்கள் வீட்டுக்கு வரலாமா, மாட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கொட்டகையில் தவிட்டு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். செவலை அவர் துப்பட்டாவை மோந்து பார்த்தது, பேசாமல் கொடுத்துவிட்டார். "நீங்க எப்பவும் போலப் பேசுங்க. எனக்காக மாத்திக்க வேணாம்" என்றார். என் மனைவி வாளியோடு ஒரு ஓரமாக நின்றாள், நான் மறு ஓரமாக. நடுவில் செவலை.

"கண்டக்டர் சார், அந்த நாள் நடந்ததச் செவலகிட்ட சொல்லுங்க. நியாயம் சொல்ல வேணாம். டிரிப் மாதிரி, ஸ்டாப் ஸ்டாப்பா சொல்லுங்க."

ஸ்டாப் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பித்தேன். பெரம்பலூரில் எடுத்தோம். கவுல்பாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். பேரளி தாண்டியபோது மச்சான் போன். "அந்த எடத்துல நில்லுங்க. உடம்புல எங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் யோசித்ததே இல்லாத கேள்வி. தொண்டையில் என்றேன். விசிலை வாயில் வைத்தேன், காற்று வரவில்லை. பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டித்தான் அரியலூர்வரை வண்டியை நிறுத்தினேன், எடுத்தேன். டிரைவர், விசில் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களை உரசுவதுபோலப் போனதற்கு வழக்கமாகத் திட்டுவேன், அன்றைக்குத் திட்டவில்லை. இதையெல்லாம் ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே மறந்திருந்தது. வாளியின் சத்தம் நின்றதைக் கவனித்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரியலூரிலிருந்து திரும்பிப் பெரம்பலூர் வந்தோம். "அப்ப மணி என்ன?" பதினொன்று. "அங்கேருந்து வூடு எவ்வளவு தூரம்?" பத்து நிமிஷம். "இறங்குனீங்களா?"

இங்கேதான் வழக்கமாக மாற்று ஆள் இல்லை என்று சொல்வேன். வாயைத் திறந்தேன். செவலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டிடம் பொய் சொல்ல முடியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு முடியவில்லை.

"மாத்து ஆளு இருந்தான் செவல" என்றேன். "டீக்கடையில உக்காந்திருந்தான். நான் கேக்கவே இல்ல. அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க அம்மா போயிட்டாங்கன்னு எந்த வாயால சொல்றது? அதான் இன்னொரு டிரிப் ஏறிட்டேன். பயந்துதான் ஏறினேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் செவலையிடம்கூட எனக்காக எதுவும் சொல்லவில்லை. சாப்பாடு கட்டிய பாத்திரம் அடுப்பு மேடையில் இருக்கும், சத்தம் இருக்காது. நான் மேடத்துக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தன வருஷம் அவங்க கோவப்பட்டது நீங்க சொன்ன கதைமேல. இப்பத்தான் நடந்ததுமேல கோவப்படுறாங்க. கொஞ்ச நாள் குடுங்க சார்."

"அவ போகாம நீங்க தடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"தடுக்க மாட்டேன். போறதும் இருக்கிறதும் அக்காவோட முடிவு. அவங்க என்ன முடிவெடுத்தாலும் தெரிஞ்சு எடுக்கணும். அதுக்குத்தான் நான் இருக்கேன்."

போனைக் கட்டிலில் எறிந்தேன். அப்புறம் பின்படியில் ஏறுகிறவர்களை எண்ணினேன், முன்படியில் இறங்குகிறவர்களை எண்ணினேன்.

மறு ஞாயிறு அவர் மறுபடியும் வந்தார், அதே தவிட்டு டின்னில் உட்கார்ந்தார். இந்தத் தடவை என் மனைவியிடம்தான் கேட்டார்.

"அக்கா, முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டுப் போனீங்களே அரிசி. அத என்ன செஞ்சீங்க?"

எத்தனை பேர் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள்! சொந்தக்காரர்கள், பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள், எங்கள் மகள், ஏன், நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த அரிசி என்ன ஆயிற்று என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நடந்து வந்த எனக்கே தோன்றவில்லை. அந்தக் கேள்வி வந்ததும் என் மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அவள் செவலையின் நெற்றியில் கையை வைத்தாள். "ஒனக்குத்தானே போட்டேன்" என்றாள், மாட்டைப் பார்த்து. "கன்னுக்குட்டியா பந்தல் காலுல கட்டிக் கெடந்த. அம்மா கையால தின்னு வளந்த. வேற எந்த வாயில போடுறது? ஒன் வாயிலதான் போட்டேன். ஒரு அரிசி கீழ விழாம தின்ன."

அவ்வளவு நாள் நான் ஒரு மாட்டின் வழியாகப் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவள் தன் அம்மாவின் வாயாக நினைத்த வாயோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை. செவலை அசைபோட்டு முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டார்: "இவ்வளவு உசிரா இருக்கிறதக் கோயிலுக்குக் குடுக்குறேங்கிறீங்களே அக்கா. என்ன வேண்டுதல்?"

என் மனைவி செவலையின் கழுத்தைத் தடவினாள். பிறகு, "அவர்கிட்ட சொல்லு செவல" என்று ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன நெஞ்சுவலின்னு கெடந்தாரே, டாக்டரு கையெழுத்துக் கேட்டாங்களே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பெருமாளுகிட்ட கேட்டேன். இந்த மனுசன் பொழச்சி எழுந்தா எங்கிட்ட இருக்கிறதுலயே எது பெருசோ அதக் குடுக்குறேன்னு. எங்கிட்ட ஒன்ன விட்டா என்ன இருக்கு?"

சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்க்காதவள், என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், தன் அம்மாவையே கொடுத்து என்னைக் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிக்காட்டாமல் இரண்டு வருஷம் எனக்குச் சோறு கட்டியிருக்கிறாள். நான் மாத்திரையை மறந்துவிடக் கூடாது என்று தினமும் மாட்டிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"தப்பு என்னோடது" என்றேன். செவலையிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன். "நான்தான் வரல. மன்னிச்சிடு." உரக்கடை வாசலில் பார்த்தது என் வாயில் அப்படியே வந்தது, அதற்கு மேல் ஒன்றும் கூட்டவில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்தாள். மேடம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவருடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் போகிற அந்த மனுஷியை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, வாடகைக்குப் பிடித்த குட்டியானை லோடு வண்டியில் செவலையை ஏற்றிக்கொண்டு கல்லங்குறிச்சி போனோம். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமே என்று நான் கேட்கவில்லை. அவள் போகிறாளா, இருக்கிறாளா என்றும் கேட்கவில்லை. அவள் ஒரு துணிப்பையில் இரண்டு புடவை எடுத்து வைத்திருந்தாள். வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் கூட்டம். கற்பூரம், துளசி, நெல் மூட்டைகள். செவலைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு நிறுத்தினோம். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரிசி. பாதியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், மீதியை என் கையைப் பிடித்து அதில் கொட்டினாள். இரண்டு பேரும் செவலைக்கு ஊட்டினோம். அந்தச் சொரசொரப்பான நாக்கு என் உள்ளங்கையை வழித்தபோது, மாமியாரிடம் மனசுக்குள் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

கோயில் ஆள் வந்து எங்கள் கயிற்றை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போனார். செவலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற மாடுகளோடு சேர்ந்துவிட்டது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் கையில் வெறும் கயிறு, மறு கையில் துணிப்பை. எங்களை இறக்கிவிட்ட லோடு வண்டி அப்போதே திரும்பிப் போயிருந்தது. அவள் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினாள், செவலை நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம வூட்டுக்குப் போற பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள்.

அந்த ரோட்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்றைக்கு ஒரு நேரமும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியல" என்றேன். "இரு, கேட்டுட்டு வரேன்."

"முப்பது வருஷம் கண்டக்டரா இருந்துட்டு இதுகூடத் தெரியலையாக்கும்" என்றாள், என்னிடம்.